வீட்டு வண்டியும் கமான் பட்டையும்

வேனில் படுக்கையும் அடுப்பும் அமைத்துக்கொண்டு தில்லியிலிருந்து தென்னாடு செல்லும் குடும்பங்கள் இன்று நம்மிடையே உண்டு. வண்டி குலுங்கினால், 'கமானில் ஒரு பட்டை கூடச் சேர்' என்று பட்டறையில் சொல்லிவிடுகிறோம். நாமும் அவ்வாறு சொல்லி, முன்னினும் மிகுதியாகக் குலுங்கி ஊர் சேர்ந்தோம். உடன் வந்த பாட்டியார் இரண்டு நாள் எழவில்லை. (சஸ்பென்ஷனைத் 'தொங்கமைப்பு' என்று நாம் மொழிபெயர்க்கலாம், பட்டறையில் அது செல்லாது.)

சரக்கு வண்டியில் பாரம் ஏறும், இறங்கும். வீட்டு வண்டியின் பாரமோ இறங்குவதேயில்லை. 100 லிட்டர் தண்ணீரே 100 கிலோ. ஆதலால் பட்டைகள் எந்நேரமும் அமிழ்ந்தே கிடக்கின்றன. மேட்டில் ஏறும் சக்கரம் எழுவதற்கு இடமின்றி, அச்சு ரப்பர்க் கட்டையில் இடிக்கிறது. பட்டை சேர்த்தால் வண்டி உயரும், உண்மை. விறைப்பும் கூடுவதால் சிறு மேடும் தூக்கிப்போடும்.

முதலில் வண்டியை எடைமேடையில் ஏற்றிப் பார்த்துப் பாரத்தைக் குறைத்தல் வேண்டும். அடுத்தது ஷாக் அப்சார்பர். எண்ணெயை நுண்துளைகளின் வழியே செலுத்தித் துள்ளலை வெப்பமாக மாற்றி அடக்குவது இதுவே. கரடுமுரடான நெடுவழியில் எண்ணெய் நுரைத்தால் அடக்கும் ஆற்றல் குன்றும். அழுத்தத்துடன் நைட்ரஜன் அடைத்த வகையில் நுரை குறைவு. பின்புறம் இன்னும் தாழ்ந்திருப்பின், அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே ரப்பர்க் காற்றுப்பை பொருத்தி, பாரத்துக்கேற்பக் காற்றைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். ஆனால் தயாரிப்பாளர் விதித்த எடைவரம்பை இவற்றுள் எதுவும் உயர்த்தாது. பிரேக்கும் டயரும் பழையனவே அல்லவா?

டயரில் காற்றைக் குறைத்து மென்மை தேடுவோரும் உளர். பாரம் மிக்க டயர் அந்நிலையில் சூடேறி வெடிக்கக்கூடும்.