கல்லும் கணக்கும்

மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்கள் சிலவற்றில் ஊர் மந்தையிலோ கோயிலருகிலோ இளவட்டக்கல் கிடப்பதை இன்றும் காணலாம். உருண்டு வழுவழுப்பான அக்கல்லில் கைப்பிடிக்கு இடமில்லை. குந்தியமர்ந்து, இரு கைகளாலும் அணைத்து, முழங்காலுக்கும் பின் மார்புக்கும் ஏற்றித் தோள்வழியே பின்புறம் தள்ள வேண்டும். ஓர் இளைஞனின் வலிமையை ஊரார் அறிந்தது இவ்வாறே. ஆயினும், தூக்கினான், தூக்கவில்லை என்னும் இரண்டே விடைகளை அக்கல் தந்தது. சென்ற திங்களைவிட அவன் எவ்வளவு வலுப்பெற்றான் என்பதை அது கூறாது.

அதனைக் கூறுவது குறிப்பேடு. சுமையைப் படிப்படியாக உயர்த்தினால் தசை வலுப்பெறும் என்பதைக் காயமுற்ற அமெரிக்கப் படைவீரர்களின் சிகிச்சையில் கண்ட மருத்துவர் தாமஸ் டிலார்ம், 1945இல் அதனை வெளியிட்டார். உயர்த்துவதற்கு முன்னைய அளவு தெரிந்திருக்க வேண்டுமன்றோ? இன்று திறன்பேசிச் செயலி அவ்வளவைக் காத்து வைக்கிறது. தூக்கிய எடையையும் முறைகளையும் பதிந்தால், ஒரே முறை தூக்கவல்ல உச்ச எடையையும் மதிப்பிடுகிறது. எப்லி வாய்பாட்டின்படி, முறைகளின் எண்ணிக்கையை 30ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, எடையால் பெருக்க வேண்டும். 60 கிலோவை 5 முறை தூக்கியவரின் உச்சம் 70 கிலோ. முறைகள் மிகுந்தால் இம்மதிப்பீட்டில் பிழையும் மிகும்.

செயலியோ இட்டதை அப்படியே ஏற்கும். முழங்கால் உரியவாறு மடங்கியதா, முதுகு வளைந்ததா என்பதை அது காணாது. இளவட்டக்கல்லைச் சுற்றி ஊரே நின்று பார்த்தது. கல்லை ஏமாற்ற வழியில்லை. பொய்க்கணக்கை நம்பி மறுவாரம் சுமையை ஏற்றினால் துன்புறுவது முதுகுத்தண்டே. ஐந்தில் மூன்றே செவ்வையாக அமைந்தனவெனில், மூன்று என்றே பதிய வேண்டும்.