மருந்து கொடுத்தும் குழாயை ஏன் அகற்றுகிறோம்?

"மருந்துதான் ஏறிக்கொண்டிருக்கிறதே, கழுத்தில் போட்ட குழாயை ஏன் எடுக்கிறீர்கள்?" இரத்தத்தில் காண்டிடா என்னும் பூஞ்சை கண்டறியப்பட்ட நோயாளிகளின் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

காண்டிடா செல்கள் குழாயின் பரப்பில் ஒட்டிப் பெருகி, தம்மைச் சுற்றிப் பசை போன்ற பொருளைச் சுரக்கின்றன. இந்த அடுக்கை உயிர்ப்படலம் என்கிறோம். அதில் பீட்டா குளுக்கான் என்னும் சர்க்கரைப் பொருளும் செல்களிலிருந்து வெளிவந்த டிஎன்ஏ இழைகளும் பின்னியிருக்கும். ஃப்ளூகோனசோல் போன்ற மருந்துகளை அந்தக் குளுக்கானே பிடித்து நிறுத்திவிடுகிறது. மருந்து சரியானதாக இருந்தாலும் பூஞ்சையைப் போதிய அளவில் சென்று சேர்வதில்லை. படலத்திலிருந்து பிரியும் செல்கள் மீண்டும் இரத்தத்தில் கலக்கின்றன.

இப்பசையைச் சிதைக்க நொதிகள் உதவுமா என்பதே ஆய்வாளர்களின் கேள்வி. துணி துவைக்கும் தூளில் கறையைச் சிதைக்க நொதி சேர்ப்பதை இதற்கு ஒப்பிடலாம். ஆய்வகச் சோதனைகளில், குளுக்கானை வெட்டும் குளுக்கனேஸ் நொதியைச் சேர்த்தபோது ஃப்ளூகோனசோலின் செயல்திறன் கூடியது. டிஎன்ஏவை வெட்டும் டிஎன்ஏஸ் நொதி, ஆம்ஃபோடெரிசின் பி, காஸ்போஃபங்கின் ஆகியவற்றுக்குத் துணைநின்றது. நொதி வழியைத் திறக்கிறது. பூஞ்சையைக் கொல்வது மருந்தே.

ஆனால் இது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. நொதியும் ஒரு புரதமாதலால் ஒவ்வாமை ஏற்படக்கூடும். உடலுக்குள் அது எவ்வளவு நேரம் செயல்படும் என்பதும் உறுதிப்பட வேண்டும். செரிமானத்துக்காகவோ வீக்கத்துக்காகவோ கடைகளில் விற்கும் நொதி மாத்திரைகள் இப்படலத்தைக் கரைக்கும் என எண்ணி வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

ஆகவே இன்று படலத்தை நீக்க உறுதியான வழி, இயன்றவரை விரைவில் குழாயை அகற்றுவதே. அதன் பின்னும் மருந்து தொடரும். இரத்தப் பரிசோதனையில் பூஞ்சை இல்லை என முதன்முதலில் உறுதியான நாளிலிருந்து குறைந்தது 14 நாட்கள் மருந்து தேவை. பூஞ்சை விழித்திரையையும் தாக்கக்கூடும் என்பதால் கண் பரிசோதனையும் செய்கிறோம்.

வீட்டிலோ வார்டிலோ குழாயுடன் இருப்பவர்களைக் கவனிப்போர், அதைத் தொடுமுன் கைகளைக் கழுவுங்கள். கட்டு நனையாமல் பாருங்கள். குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தாலோ, குழாயைச் சுற்றிச் சிவந்தாலோ, சீழ் கசிந்தாலோ உடனே தெரிவியுங்கள். காய்ச்சல் தணிந்துவிட்டது என்று மருந்தை நீங்களே நிறுத்திவிடாதீர்கள்.