முக்குக்கடைத் தாழிகள்

தாழியின் அடியில் ஒரு வாத்து எலும்புத் துண்டு. கூடவே பன்றி, ஆடு, மீன், நிலநத்தை ஆகியவற்றின் மிச்சங்கள். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்த நாளில், இத்தாலியின் பாம்பெய் நகரத்து முக்குக்கடை ஒன்றில் விற்பனைக்கு வைத்திருந்த சாப்பாடு அது. விற்றுத் தீரவில்லை.

2020 டிசம்பர் 26 அன்று, கொரோனாவால் உலகின் பல பகுதிகளில் ஹோட்டல்கள் கதவடைத்துக் கிடந்த நேரத்தில், பாம்பெய் தொல்லியல் பூங்கா இந்தக் கடையின் படங்களை வெளியிட்டது. அப்போது பூங்காவின் பொறுப்பில் இருந்தவர் மாசிமோ ஒசன்னா. கடையின் ஒரு பக்கம் 2019இலேயே வெளிப்பட்டிருந்தது. சரியக் காத்திருந்த மண்சுவர்களைப் பாதுகாக்கப் போன இடத்தில் தட்டுப்பட்டதுதான். மீதியையும் தோண்டிப் பார்த்தால், இரண்டு சந்துகள் சேரும் முனையில், வர்ணம் மங்காமல் நிற்கிறது முழுக்கடை. அந்தச் சந்துகளுக்கு ரோமானியர்கள் என்ன பெயர் வைத்திருந்தார்களோ, இன்றைக்கு ஒன்று பால்கனிச் சந்து, மற்றொன்று வெள்ளிவிழாத் திருமணச் சந்து. 1893இல் இத்தாலிய அரசரும் அரசியும் கொண்டாடிய இருபத்தைந்தாவது திருமண நாளை ஒட்டி அங்குள்ள ஒரு மாளிகைக்கு வைத்த பெயர் சந்துக்கும் ஒட்டிக்கொண்டது.

கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தெருவைப் பார்த்து, இடுப்பு உயரத்துக்கு ஒரு கட்டுமான மேடை. மேடைக்குள் கழுத்துவரை புதைத்த மண் தாழிகள். வாய் மட்டும் மேலே தெரியும். தெருவில் நின்றபடியே கையை நீட்டினால் கிண்ணம் வந்துவிடும். கையேந்தி பவனுக்குச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து நிரந்தரமாகக் கட்டிவிட்டால் எப்படி இருக்கும், அப்படி.

ஆனால் அந்த மேடையின் முகப்பைச் சும்மா விட்டுவைக்கவில்லை கடைக்காரர். ஒரு பக்கம் கடற்குதிரை மேல் சவாரி செய்யும் கடல் தேவதை. இன்னொரு பக்கம் தலைகீழாகக் கிடத்திய இரண்டு வாத்துகள், அறுத்துச் சமைக்கத் தயாராக. கூடவே ஒரு சேவல். வாத்தின் கழுத்துப் பச்சைகூட இன்னும் பளிச்சென்று இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற விலைப்பட்டியல் என்று சொல்லலாம். அதே வாத்தின் எலும்புதான் உள்ளே கிடைத்தது என்பதால், படத்தில் ஒன்று, பரிமாறுவது வேறொன்று என்ற புகாருக்கு இங்கே இடமில்லை.

மற்றொரு சித்திரத்தில் கழுத்துப்பட்டை போட்டுக் கட்டிய ஒரு நாய். அதன் சட்டத்தில் யாரோ ஆணியாலோ கத்தி முனையாலோ கீறியிருக்கிறார்கள்: நிக்கியாஸ் என்ற ஆளைப் பெயர் சொல்லி விளித்து, மலம் கழிப்பதோடு சம்பந்தப்பட்ட ஒரு வசை, கூடவே பாலியல் வசை ஒன்று. நிக்கியாஸ் என்பது கிரேக்கப் பெயர். ரோமானியக் கடைத்தெருவில் கிரேக்கப் பெயர் கொண்டவர்களில் பலர் விடுதலை பெற்ற முன்னாள் அடிமைகள். கடைக்காரரே நிக்கியாஸாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். கீறியவர் பற்று கேட்டுக் கிடைக்காத வாடிக்கையாளரா, கூலி பாக்கியுள்ள வேலையாளா, அவரவர் கற்பனைக்கு. யார் செய்திருந்தாலும், அழிக்க நேரம் கிடைக்கவில்லை.

கடைக்குள்ளே கட்டில் போட்டிருந்த இடத்தில் ஒரு மனிதரின் எலும்புகள் கிடந்தன. வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். மற்றவர்கள் கடையை அவசரமாக மூடிவிட்டு ஓடியிருக்க, இவர் மட்டும் ஏனோ தங்கிவிட்டார். இன்னொருவரின் எலும்புகள் ஒரு பெரிய ஜாடிக்குள் இருந்தன. அது எரிமலையின் வேலையல்ல. பல நூற்றாண்டுகளுக்கு முன் புதையல் தேடிச் சுரங்கம் வெட்டியவர்கள் வழியில் குறுக்கிட்ட எலும்புகளை அள்ளி ஜாடியில் போட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். மூன்றாவது ஒரு நாய். சித்திரத்தில் உள்ள முரட்டு நாய் அல்ல; முழு வளர்ச்சி அடைந்தும் தோள் உயரம் 20 முதல் 25 சென்டிமீட்டர் மட்டுமே உள்ள குட்டி ஜாதி. பொறுக்கி இணைசேர்த்து இத்தனை சிறிய நாய்களை உருவாக்கும் வித்தை ரோமானியர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அது ஒரு சாட்சி.

இந்த மாதிரிக் கடைகளுக்குத் தொல்லியலாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'தெர்மோபோலியம்'. சூடான பண்டம் விற்குமிடம் என்று பொருள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாம்பெய்க்காரர் ஒருவரிடம் போய் "தெர்மோபோலியம் எங்கே?" என்று கேட்டிருந்தால் அவர் விழித்திருப்பார். எரிமலை வெடிப்பதற்குச் சுமார் 270 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நகைச்சுவை நாடகாசிரியர் பிளாட்டஸ் கையாண்ட சொல் அது. தெருவில் புழங்கிய பெயர்கள் வேறு: சாப்பாட்டுக் கடைக்கு 'போப்பினா', தங்கவும் குடிக்கவும் இடமிருந்தால் 'கௌபோனா', பொதுவாகக் கடை என்றால் 'தபெர்னா'.

பூங்காவின் கணக்குப்படி பாம்பெயில் மட்டும் இப்படி எண்பது கடைகள். மேடை உள்ள எல்லாவற்றையும் எண்ணுபவர்கள் இதைவிடக் கூடுதலாகச் சொல்கிறார்கள். நகரத்தின் மூன்றில் ஒரு பங்கு இன்னும் மண்ணுக்கடியில் இருப்பதால் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். இத்தனை கடைகள் எப்படிப் பிழைத்தன? மாளிகைக்காரர் வீட்டில் அடுப்படியும் இருந்தது, சமைக்க அடிமைகளும் இருந்தார்கள். கடைக்குப் பின்னால் ஒற்றை அறையிலோ மாடிப் பரணிலோ முடங்கியவருக்கு அடுப்பு மூட்ட இடமே கிடையாது. கரி வாங்கவும் காசு வேண்டும். தீப்பிடித்தால் மொத்தமும் போகும். அவருக்குச் சமையலறையே தெருமுனைதான்.

ஆகவே அங்கே சாப்பிட்டவர்கள் எழுதவில்லை. எழுதியவர்கள் அங்கே சாப்பிட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ரோமானிய இலக்கியத்தில் போப்பினா வரும்போதெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டேதான் வருகிறது. கவிஞர் ஹோரஸுக்கு அது எண்ணெய்ப் பிசுக்கேறிய இடம். கவிஞர் ஜுவெனல், துறைமுக நகரமான ஓஸ்தியாவின் கடையொன்றில் திருடன், மாலுமி, சவப்பெட்டி செய்பவன் எல்லாரோடும் ஓர் உயர்குடிப் பிரபு சரிக்குச் சரி உட்கார்ந்து குடிப்பதைச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்கிறார். அவருக்கு உறுத்தியது குடி அல்ல, 'சரிக்குச் சரி'.

பேரரசர்களுக்கும் இந்தக் கடைகள் மேல் ஒரு கண். திபேரியஸ் கட்டுப்பாடுகளைக் கடுமையாக்கி, பலகாரம்கூட விற்கக் கூடாது என்றார். கிளாடியஸ் வேகவைத்த இறைச்சிக்கும் வெந்நீருக்கும் தடை போட்டார். வெந்நீருக்கு ஏன்? ரோமானியர்கள் ஒயினை அப்படியே குடிப்பதில்லை. தண்ணீர் கலந்து, குளிர் நாளில் வெந்நீர் கலந்து குடிப்பார்கள். வெந்நீரை நிறுத்தினால் நாலு பேர் கூடி நின்று பேசுவதும் நின்றுவிடும் என்ற கணக்கு. நீரோ, காய்கறியும் பருப்பு வகையும் தவிர வேறெதுவும் சமைத்து விற்கக் கூடாதென்றார். இருட்டியதும் மாறுவேடத்தில் இதே கடைகளைச் சுற்றிவந்தவர் என்று அவரைப் பற்றியே எழுதி வைத்திருக்கிறார் வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ். பிறகு வந்த வெஸ்பாசியன், பருப்பு வகை மட்டும் போதும் என்று இன்னும் சுருக்கினார். ஒரே தடையை நான்கு பேரரசர்கள் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்தது என்றால், முந்தைய தடைக்கு என்ன மரியாதை கிடைத்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

வெஸ்பாசியன் இறந்தது கி.பி. 79 ஜூன். வெசூவியஸ் வெடித்தது அதே ஆண்டு. ஆகஸ்ட் என்று நெடுநாள் நம்பியிருந்தார்கள், 2018இல் ஒரு சுவரில் கரியால் எழுதிய அக்டோபர் 17ஆம் தேதிக் குறிப்பு கிடைத்த பிறகு இலையுதிர்காலம் என்ற கருத்து வலுத்திருக்கிறது. எப்படியானாலும் சில மாத இடைவெளிதான். ஆணைகள் தலைநகர் ரோமை மனதில் வைத்துப் பிறந்தவை. பாம்பெயின் தாழியிலோ வாத்தும் பன்றியும் ஆடும் மீனும்.

அந்தத் தாழிகளில் உண்மையில் என்ன வைத்திருந்தார்கள் என்பதே ஒரு பழைய வழக்கு. சூடான குழம்பும் ஒயினும் என்றுதான் முதலில் எல்லாரும் எழுதினார்கள். பிறகு சந்தேகம் எழுந்தது. தாழிகள் மெருகு பூசாத சுடுமண். குழம்பை ஊற்றினால் உறிஞ்சிக்கொள்ளும். மேடையோடு சேர்த்துப் பூசியிருப்பதால் கவிழ்த்துக் கழுவவும் முடியாது. அடியில் நெருப்புப் போடும் ஏற்பாடும் இல்லை. அடுப்பு மேடையின் ஓரத்தில் தனியாக இருக்கும். எனவே கடலை, அவரை, உலர்பழம் போன்ற காய்ந்த சரக்குகளுக்கான கலங்கள் அவை என்றார்கள். பக்கத்து நகரமான ஹெர்குலேனியத்தின் கடையில் தாழிகளுக்குள் கருகிய தானியமும் பருப்பு வகைகளும் கிடைத்தது இந்தக் கட்சிக்குப் பலம்.

பால்கனிச் சந்துக் கடை வழக்கை மறுபடி திறந்துவிட்டது. ஒரு தாழியின் அடியில் அரைத்த அவரை விதை கிடந்தது. இது ஒயின் தாழி. நிறத்தை வெளுக்கவும் சுவையைத் திருத்தவும் ஒயினில் அவரை மாவைப் போடலாம் என்று அபிசியஸ் பெயரில் வழங்கும் ரோமானியச் சமையல் நூல் சொல்லிக்கொடுக்கிறது. பழசாகிப்போன சரக்கை வெள்ளை ஒயினாக்கித் தள்ளிவிடும் தொழில் ரகசியமாகவும் இருக்கலாம். ஆக, தாழி எல்லாம் ஒரே வேலைக்கு என்று சொல்வதற்கில்லை; கடைக்குக் கடை, தாழிக்குத் தாழி மாறியிருக்கிறது.

வெத்தூத்தியஸ் பிளாசிடஸின் கடையோ தாழியைக் கல்லாப்பெட்டியாகவே பயன்படுத்தியது. நகரத்தின் முக்கிய வீதியில் இருந்த அந்தக் கடையின் சுவரில், வியாபாரத்துக்குரிய மெர்க்குரியும் மதுவுக்குரிய டயோனிசஸும் காவல் தெய்வங்களோடு நிற்கிறார்கள். மேடையில் உள்ள தாழி ஒன்றிலிருந்து எடுத்தது ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாணயங்கள், எடை சுமார் 3 கிலோ. பெரும்பாலும் சில்லறை.

அந்தச் சில்லறைக்கு என்ன கிடைக்கும்? ஹெடோனே என்பவரின் கடைச் சுவர் அதற்குப் பதில் சொல்கிறது. ஓர் 'ஆஸ்' காசு கொடுத்தால் சாதா ஒயின், இரண்டு கொடுத்தால் கொஞ்சம் நல்லது, நான்குக்கு ஃபலேர்னியம். ஃபலேர்னியம் அந்தக் காலத்தின் உயர்தரச் சரக்கு. படைவீரனின் ஒரு நாள் கூலி 10 ஆஸ். நாள் கூலியில் பாதிக்குச் சற்றுக் குறைவாக ஒரு கோப்பைக்கே கொடுக்கிறவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள், அவர்களுக்குக் கிடைத்தது அசல் ஃபலேர்னியம்தானா என்பதெல்லாம் அவரை மாவு கண்ட பிறகு எழும் சந்தேகம்.

சாப்பாட்டிலும் பருப்பும் கஞ்சியும் மட்டும் அல்ல. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் எல்லிஸ் தலைமையில் ஸ்தாபியா வாசல் அருகே சாதாரணக் கடைகள் இருந்த பகுதியைத் தோண்டியவர்கள், சாக்கடையையும் கழிவுக்குழிகளையும் சல்லடை போட்டு அலசினார்கள். தானியம், ஆலிவ், மீன் முள் எல்லாம் எதிர்பார்த்தவை. ஒட்டகச்சிவிங்கியின் கால் மூட்டை யாரும் எதிர்பார்க்கவில்லை. வெட்டிய தடத்தோடு, ஒரு சாப்பாட்டுக் கடையின் கழிவில் கிடந்தது. எழுதியவர்கள் காட்டிய பிசுக்குக் கடைக்குள் ஆப்பிரிக்க இறைச்சி எப்படி வந்தது?

ஒயினும் அந்த ஊரோடு நிற்கவில்லை. பாம்பெய் அமைந்த கம்பானியாப் பகுதியின் ஆம்போரா ஜாடிகளைக் கண்டுபிடிப்பது எளிது. களிமண்ணில் எரிமலைக் கருமணல் மினுக்கும். அந்தக் கருமணல் ஓடுகள் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டிலும் கேரளத்தில் பட்டணம் என்ற ஊரிலும் கிடைத்திருக்கின்றன. யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பொற்கிண்ணத்தில் அருந்துவதாகப் புறநானூற்றில் நக்கீரர் பாடியதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். போன கப்பல் வெறுமனே திரும்பவில்லை, மிளகோடு திரும்பியது. அபிசியஸ் நூலில் மிளகு போடாத பக்குவத்தைத் தேடத்தான் வேண்டும். வெசூவியஸ் சரிவின் ஒயின், அங்கே தெருமுனையில் நின்று குடித்தவனுக்குச் சில்லறைச் சரக்கு. இங்கே அரசவையில் பொற்கிண்ணம்.

கடைகளில் பரிமாறிய பெண்களின் பெயர்களும் நமக்குத் தெரியும். அசெல்லினாவின் கடை முகப்பில் தேர்தல் விளம்பரங்கள்: இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று கேட்பவர்கள் அசெல்லினா, ஸ்மிரினா, ஏக்லே, மரியா. அவர்களில் யாருக்கும் வாக்குரிமை கிடையாது. ஆனாலும் தெருவே கூடும் மேடைக்குப் பின்னால் நின்றவர்கள் அவர்கள். ஸ்மிரினா பெயர் இருந்த ஓர் அறிவிப்பில் அந்தப் பெயரின் மேல் மட்டும் சுண்ணாம்பு அடித்திருக்கிறது. ஒயின் கடைப் பெண்ணின் சிபாரிசு மதிப்புக் குறைவு என்று வேட்பாளர் தரப்பு நினைத்திருக்கலாம். அடித்த சுண்ணாம்பு உதிர்ந்து, பெயர் திரும்ப வந்துவிட்டது.

இந்தக் கடைகள் தங்களைத் தாங்களே எப்படிப் பார்த்தன என்பதற்கு ஒரே ஓர் இடத்துக்குப் போகலாம். சால்வியஸ் என்பவரின் கடைச் சுவரில் இருந்து பெயர்த்து, இப்போது நேபிள்ஸ் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் நான்கு சித்திரங்கள். படக்கதை மாதிரி, ஆட்களின் தலைக்கு மேல் அவரவர் பேச்சு. முதல் கட்டத்தில் ஓர் ஆணும் பெண்ணும் முத்தமிடுகிறார்கள். இரண்டாவதில் ஜாடியும் கோப்பையுமாக ஒரு பணிப்பெண் வருகிறாள், உட்கார்ந்திருக்கும் இருவரும் "இங்கே!" "இல்லை, எனக்கு!" என்று கையை நீட்ட, அவள் சலித்துப்போய், வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு, ஓசியானஸ் என்ற மூன்றாம் ஆளைக் குடிக்கக் கூப்பிடுகிறாள். மூன்றாவதில் தாயம் உருட்டுகிறார்கள். விழுந்தது மூன்றா இரண்டா என்று தகராறு.

நான்காவதில் இருவரும் எழுந்து நின்று, அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகளோடு மல்லுக்கட்டுகிறார்கள். கடைக்காரர் இருவரையும் வாசல் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறார். அவர் தலைக்கு மேல் எழுதியிருப்பது: சண்டை போடுவதானால் வெளியே போய்ப் போடுங்கள்.