கள்ளக்கடலும் அதன் முன்னறிவிப்பும்

கடலில் அலை எழுவதற்குக் காற்றே முதற்காரணம் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும், ஒரு கரையில் மோதும் அலையெல்லாம் அக்கரையில் வீசும் காற்றினால் எழுந்ததே என்று கொள்வது பொருந்தாது. ஏப்ரல், மே மாதங்களில், வானம் தெளிந்து காற்றும் அடங்கியிருக்கும் வேளையில், கேரளக் கரையிலும் தென் தமிழகக் கரையிலும் கடல் திடீரெனப் பொங்கி, மணற்பரப்பைக் கடந்து குடியிருப்புகளுள் புகுவதுண்டு. கள்ளனைப் போல் அரவமின்றி வருவதால் கேரள மீனவர் இதற்குக் 'கள்ளக்கடல்' என்று பெயரிட்டனர். 2005-ஆம் ஆண்டு மே மாதத்தில் அக்கரைகளின் தாழ்ந்த பகுதிகள் பலவற்றில் இவ்வாறே கடல்நீர் புகுந்தது.

உள்ளூர்க் காற்றில் அறிகுறி இல்லையெனினும், கள்ளக்கடல் முன்னறிவிப்புக்கு எட்டாத ஒன்று அன்று. அது புறப்படும் இடமும், வந்து சேரும் காலமும் கணக்கிடத் தக்கவை.

அலையின் நெடும்பயணம்

இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில், அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த கடலை நோக்கிய அகலக்கோடுகளில், ஆண்டு முழுவதும் கடும் புயல்கள் தோன்றுகின்றன. காற்றின் வேகம், அது இடைவிடாது வீசும் நேரம், அது தழுவும் நீர்ப்பரப்பின் நீளம் ஆகிய மூன்றும் மிகும்போது அலைகள் பெரிதாகின்றன. புயற்பகுதியை விட்டு வெளியேறிய பின்னும் இவ்வலைகள் அழிவதில்லை. சீரான நெடிய அலைகளாக மாறி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவு செல்கின்றன.

இரு முகடுகள் ஓர் இடத்தைக் கடப்பதற்கிடையே செல்லும் நேரம் அலைக்காலம் எனப்படும். ஆழ்கடலில் அலைக்காலம் நீண்ட அலை விரைந்து செல்லும். குறுகிய அலை பின்தங்கும். அலைக்காலம் 18 வினாடியாயின், முகட்டிற்கும் முகட்டிற்கும் இடையேயுள்ள தூரம் ஏறத்தாழ 500 மீட்டர். முகட்டின் வேகம் மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர். ஆனால் அலைகள் கூட்டமாகவே செல்கின்றன. கூட்டத்தின் பின்புறத்தில் தோன்றும் முகடு முன்னேறிச் சென்று முன்புறத்தில் மறைகிறது. ஆகவே கூட்டமும், அது சுமக்கும் ஆற்றலும் முகட்டின் வேகத்தில் பாதியளவே, அதாவது மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்திலேயே நகர்கின்றன.

தென் அகலக்கோடு 40 பாகையிலிருந்து கன்னியாகுமரிக்கு நேர்வழியில் சுமார் 5,300 கிலோமீட்டர். இத்தொலைவைக் கடக்க 18 வினாடி அலைகளுக்கு ஏறக்குறைய நான்கரை நாளும், 12 வினாடி அலைகளுக்கு ஆறரை நாளும் ஆகும். முதலில் நீண்ட அலைகளும் பின்னர்க் குறுகியவையும் வருவதால், இவ்விடைவெளியைக் கொண்டு புயல் நிகழ்ந்த தொலைவைக் கணிக்க இயலும். 1963-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் வால்ட்டர் மங்க்கும் அவருடைய குழுவினரும் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை அளவை நிலையங்களை அமைத்து, அண்டார்க்டிகாவை அடுத்துத் தோன்றிய புயல்களின் அலைகள் பசிபிக் பெருங்கடல் முழுவதையும் கடந்து செல்வதைத் தொடர்ந்து அளந்தனர்.

நெடிய அலை ஆழ்கடலில் செல்லும்போது கப்பலில் உள்ளோர் அதனைப் பெரிதாக உணர்வதில்லை. நீரின் ஆழம் அலைநீளத்தில் பாதிக்குக் குறையும்போது அலை கடலடியை உணரத் தொடங்குகிறது, வேகம் குறைகிறது, கரையை நெருங்கும்போது உயரம் மிகுகிறது. அத்துடன் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய உயர் ஓதமும் கூடினால் நீர் மேலும் உட்புகும். இதனை ஆழிப்பேரலையுடன் குழப்புதல் கூடாது. ஆழிப்பேரலை பெரும்பாலும் நிலநடுக்கத்தினால் விளைவது. அதன் அலைக்காலம் பல நிமிடங்கள்.

ஐதராபாத்தில் ஒரு கடல் நிலையம்

இந்தக் கணக்கீடு நாள்தோறும் நடைபெறும் இடம் கடலிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் விலகியிருப்பது வியப்பாகத் தோன்றலாம். ஐதராபாத் மாநகரில், கணிப்பொறித் தொழிலால் பெயர்பெற்ற மாதாப்பூருக்கு வடக்கே, பிரகதி நகரில் இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இயங்குகிறது. 1999-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இம்மையம் புவி அறிவியல் அமைச்சகத்தைச் சார்ந்தது. 2007 முதல் ஆழிப்பேரலை எச்சரிக்கைப் பணியையும் இதுவே ஆற்றி வருகிறது.

அலையை முன்னறியப் பலவகைக் கருவிகள் துணைபுரிகின்றன. செயற்கைக்கோள் அனுப்பும் ரேடார் அலைகள் கடற்பரப்பின் சிற்றலைகளில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு காற்றின் வேகமும் திசையும் அறியப்படுகின்றன. 2022 நவம்பரில் செலுத்தப்பட்ட ஓஷன்சாட் வரிசைச் செயற்கைக்கோள் இத்தகைய கருவியைத் தாங்கியது. வேறு சில செயற்கைக்கோள்கள் நேர்க்கீழாகத் துடிப்புகளை அனுப்பி அலையின் உயரத்தை அளக்கின்றன. கரையோரக் கடலில் நங்கூரமிட்ட மிதவைகள் அலையுடன் ஏறி இறங்கும்போது, அவற்றினுள் அமைந்த முடுக்கமானி அலையின் உயரத்தையும் அலைக்காலத்தையும் பதிவு செய்கிறது. காற்று விவரங்களைக் கணிப்பொறியில் இட்டு, அலை எங்கு, எப்பொழுது சேரும் என்று கணித்து, மிதவையின் அளவீட்டுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கின்றனர்.

எச்சரிக்கை சென்று சேர வேண்டிய இடம்

கணக்குச் சரியாக இருப்பினும் அது கரையில் நிற்பவனை அடையாவிடில் பயனில்லை. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். அந்நாட்களில் கேரளக் கரைக்கும் தென் தமிழகக் கரைக்கும் கள்ளக்கடல் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. தெளிந்த வானமும் மெல்லிய காற்றும் காண்போர் மனத்தில் அச்சத்தைத் தோற்றுவிப்பதில்லை; இதுவே கள்ளக்கடலின் பெருந்தீங்கு.

ஆகவே களப்பணியாளர் எச்சரிக்கையை அறிவிக்கும்போது, "கடல் கொந்தளிப்பாக இருக்கும்" என்று மட்டும் கூறுதல் போதாது. "காற்று இராது, ஆயினும் அலை வரும்" என்பதையும், அது நீடிக்கும் நேரத்தையும், உயர் ஓதம் ஏறும் மணியையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும். படகுகள் ஒன்றோடொன்று மோதாதவாறு போதிய இடைவெளி விட்டுக் கட்டப்பட வேண்டும். கடற்கரையில் விளையாடுவதும் நீரில் இறங்குவதும் தவிர்க்கப்பட வேண்டும்.

கடலோரப் பள்ளி ஆசிரியர்கள் எளிய பயிற்சியொன்றை நடத்தலாம். மாணவர்கள் கரையிலிருந்து போதிய தொலைவில், உயரமான இடத்தில் நின்று, நீரில் அசையாது நிற்கும் ஒரு பாறையையோ கம்பத்தையோ குறியாகக் கொள்ள வேண்டும். முதல் முகடு அதனைக் கடப்பது முதல் பதினோராவது முகடு கடப்பது வரை ஆகும் நேரத்தைக் கடிகாரத்தால் அளந்து பத்தால் வகுத்தால் அலைக்காலம் கிடைக்கும். உள்ளூர்க் காற்றால் எழும் அலைகளுக்கு இது பெரும்பாலும் பத்து வினாடிக்குக் குறைவாகவே இருக்கும். காற்று அடங்கிய நாளில் பதினைந்து வினாடிக்கு மேல் காணப்படின், தொலைவிலுள்ள புயலொன்றின் அலை வந்துவிட்டது என்று உணரலாம். இவ்வாறு எண்ணிப் பழகிய மாணவன், அமைதியான வானத்தை மட்டும் நம்பிக் கடலில் இறங்கமாட்டான்.