மூளையின் சிறு வாயில்கள்

காலை வழிபாட்டின்போது வரிசையில் நிற்கும் மாணவி ஒருத்தி திடீரென்று விழுகிறாள். கைகால்கள் வெட்டி வெட்டி இழுக்கின்றன. வாயில் நுரை தள்ளுகிறது. உடனே யாராவது ஒருவர், "சாவிக்கொத்தைக் கையில் கொடுங்கள்!" என்று கத்துவார். சற்று நேரத்தில் வலிப்பு நின்றுவிடும். இரும்புதான் நிறுத்தியது என்று எண்ணிக்கொண்டு நாமும் வகுப்புக்குத் திரும்பிவிடுவோம். உண்மையில் பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிரண்டு நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடுபவை. இரும்புக்கும் வலிப்புக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தொடர்புடைய உலோகம் வேறொன்று. அது நாம் அன்றாடம் உண்ணும் உப்பில் இருக்கும் சோடியம்.

நமது மூளையிலுள்ள ஒவ்வொரு நரம்பணுவையும் மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. சவ்வுக்கு வெளியே சோடியம் மிகுதி. உள்ளே பொட்டாசியம் மிகுதி. இவை இரண்டும் மின்னேற்றம் பெற்ற அணுக்களாக, அதாவது அயனிகளாக, இருக்கின்றன. ஓய்வாக இருக்கும் நரம்பணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைந்த மின்னழுத்தத்தில் இருக்கும். டார்ச் விளக்கில் போடும் ஒரு பாட்டரியின் மின்னழுத்தத்தில் இது இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் நாம் நினைப்பதும் நடப்பதும் செபமாலை உருட்டுவதும் இந்தச் சிறு மின்னழுத்தத்தால்தான்.

அயனிகள் சவ்வை ஊடுருவிச் செல்ல இயலாது. அவற்றுக்கென்றே புரதத்தால் ஆன வாயில்கள் சவ்வில் பதிந்திருக்கின்றன. மின்னழுத்தம் சற்று மாறியதும் சோடியம் வாயில் அதை உணர்ந்து திறக்கிறது, சோடியம் உள்ளே பாய்கிறது, நரம்பணு ‘துடிக்கிறது’. ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலேயே அவ்வாயில் அடைபட்டுவிடும். பிறகு பொட்டாசியம் வாயில்கள் திறந்து பொட்டாசியம் வெளியேற, நரம்பணு பழைய நிலைக்குத் திரும்புகிறது.

இதைக் கணக்கிட்டுக் காட்டியவர்கள் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் இரு ஆங்கிலேய அறிஞர்கள். மனித நரம்பிழை மிக நுண்ணியது என்பதால், கணவாய் மீனின் பருத்த நரம்பிழையை எடுத்து அவர்கள் ஆராய்ந்தனர். கேம்பிரிட்ஜில் இருந்த கணிப்பொறி அப்போது பயன்படுத்த முடியாத நிலையில் இருந்ததால், ஹக்ஸ்லி கையால் சுழற்றும் கணக்கு இயந்திரத்தைக் கொண்டே சமன்பாடுகளை முடித்தார். கணக்கு வீட்டுப்பாடத்துக்கு முணுமுணுக்கும் நாம் இதைக் கவனிக்கலாம்! 1952ஆம் ஆண்டில் வெளிவந்த அந்த ஆய்வுக்கு 1963இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வாயிலில் குறை ஏற்பட்டால் என்ன ஆகும்? ஒரு நோயை எடுத்துக்கொள்வோம்.

பிரான்சு நாட்டின் மார்செய் நகரில் பணியாற்றிய பெண் மருத்துவர் சார்லட் டிராவே, வலிப்புள்ள குழந்தைகள் சிலரிடம் ஓர் ஒற்றுமையைக் கண்டு 1978இல் எழுதினார். பிறக்கும்போது இக்குழந்தைகளிடம் எக்குறையும் தெரிவதில்லை. ஒரு வயது நிறைவதற்குள் காய்ச்சலோடு நீண்ட வலிப்பு வருகிறது. பிறகு மீண்டும் மீண்டும் வருகிறது. இரண்டாம் வயதுக்குப் பின் பேச்சும் நடையும் பிந்துகின்றன. மாற்கு நற்செய்தியில் வலிப்பால் துன்புறும் மகனைக் கொண்டுவந்த தந்தையிடம், எவ்வளவு காலமாக இப்படி இருக்கிறது என்று ஆண்டவர் கேட்டதை நாம் அறிவோம். மருத்துவர்கள் கேட்கும் முதற்கேள்வியும் இதுவே. டிராவே நோயைப் பொறுத்தவரை அதற்கான விடையில்தான் பாதித் தெளிவு இருக்கிறது.

காரணம் 2001இல் தெரியவந்தது. பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர்கள் இந்நோயுள்ள 7 குழந்தைகளை ஆராய்ந்தபோது, எழுவரிடமும் ஒரே மரபணுவில் பிழை காணப்பட்டது. எஸ்.சி.என்.1ஏ என்னும் அந்த மரபணு ஒருவகைச் சோடியம் வாயிலை அமைப்பதற்கான குறிப்பு. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இதன் இரண்டு பிரதிகள் நமக்கு உண்டு. ஒன்று பழுதானால் ஒழுங்காக வேலை செய்யும் வாயில்கள் ஏறக்குறையப் பாதியாகின்றன.

இங்கேதான் ஒரு புதிர். சோடியம் உள்ளே பாய்ந்தால்தானே நரம்பணு துடிக்கும்? வாயில்கள் குறைந்தால் மூளை மந்தமாக வேண்டுமே தவிர, கட்டுக்கடங்காமல் துடிப்பது எப்படி?

தேரோட்டம் பார்த்தவர்களுக்கு விடை எளிதில் விளங்கும். வடம் பிடித்து இழுப்பவர்களைத்தான் எல்லாரும் பார்க்கிறோம். சக்கரத்தருகே குனிந்து முட்டுக்கட்டை போடுபவர்களை யாரும் கவனிப்பதில்லை. மூளையிலும் இவ்விரு வகை உண்டு. கிளர்ச்சியூட்டும் நரம்பணுக்களும், அவற்றை அடக்கும் நரம்பணுக்களும். அடக்குபவற்றுள் பல மிக வேகமாகத் துடிக்க வேண்டியவை. இந்தக் குறிப்பிட்ட வாயிலையே அவை பெரிதும் நம்பியிருக்கின்றன; கிளர்ச்சியூட்டுபவற்றுக்கோ வேறு வகைச் சோடியம் வாயில்களும் துணை நிற்கின்றன. 2006ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் காட்டரால் குழுவினர் இதே பிழையுள்ள சுண்டெலிகளில் இதைக் கண்டறிந்தனர். முட்டுக்கட்டைக்காரர் கை தளர்ந்தது; இழுப்பவர் பலம் கூடாமலேயே தேர் ஓடிவிட்டது.

இது வெறும் ஏட்டறிவு அன்று. வலிப்புக்குப் பரவலாகத் தரப்படும் கார்பமாசெபின் போன்ற சில மருந்துகள் சோடியம் வாயிலை அடைப்பவை. வேறு பல நோயாளிகளுக்கு அவை நல்ல மருந்து. டிராவே நோயுள்ள குழந்தைக்கோ, ஏற்கெனவே தளர்ந்த கையை அவை மேலும் தளர்த்தி வலிப்பைக் கூட்டிவிடக்கூடும். ஆகவே இவர்களுக்கு வால்பிரோயேட், குளோபசாம் போன்ற வேறு மருந்துகளைத் தருகிறார்கள். (இதைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் மருந்தைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம், திடீரென்று நிறுத்துவது பேராபத்து.) நோயை முற்றிலும் போக்கும் மருந்து இன்னும் இல்லை.

பெற்றோர் அறிய வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. காய்ச்சல் மட்டுமன்றி, வெந்நீர்க் குளியல்கூட இக்குழந்தைகளுக்கு வலிப்பைக் கொண்டுவரும். குழந்தையை நல்ல சூட்டில் குளிப்பாட்டுவது நம் பாட்டிமார் வழக்கம். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்? தடுப்பூசி போட்ட பின் வரும் காய்ச்சலிலும் முதல் வலிப்பு வரலாம். அதனால் ஊசிதான் மூளையைக் கெடுத்தது என்று பலர் நம்பினர். ஆஸ்திரேலிய மருத்துவர் பெர்கோவிக் குழுவினர், அவ்வாறு கருதப்பட்ட 14 பேரைச் சோதித்தபோது 11 பேரிடம் இந்த மரபணுப் பிழையே இருந்ததை 2006இல் வெளியிட்டனர். பெரும்பாலான குழந்தைகளிடம் இப்பிழை பெற்றோரிடம் இல்லாமல் புதிதாகத் தோன்றுவது. தாய் கருவுற்றிருந்தபோது எதைத் தின்றாள், கிரகணத்தில் வெளியே போனாளா, எந்தப் பாவத்தின் பலன் என்றெல்லாம் மாமியார் வீட்டில் நடக்கும் விசாரணைக்கு இங்கே இடமே இல்லை.

இதன் உடன்பிறப்பான எஸ்.சி.என்.2ஏ மரபணுவின் கதை வேறு. அதில் வாயில் அளவுக்கு மீறி வேலை செய்தால் கைக்குழந்தைப் பருவத்திலேயே வலிப்பு வருகிறது; வாயில் வேலை செய்யாவிட்டால் ஆட்டிசமும் அறிவு வளர்ச்சிக் குறைவும் தோன்றுகின்றன.

இனி, நம் கண்முன்னே ஒருத்தி விழுந்தால்? சாவிக்கொத்தைத் தேடி ஓட வேண்டாம். தலைக்கடியில் மடித்த தாவணியையோ துண்டையோ வைத்து, கழுத்தருகே இறுக்கத்தைத் தளர்த்தி, அவளை ஒருக்களித்துப் படுக்கவைப்போம். கைகால்களை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. வாயில் கரண்டியோ தண்ணீரோ எதுவும் வைக்கக் கூடாது. ஒருத்தி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். 5 நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். விழித்ததும் அவளுக்குக் குழப்பமும் களைப்பும் இருக்கும். சுற்றி நிற்கும் கூட்டத்தைக் கலைத்துவிட்டு, தோழி ஒருத்தி மட்டும் அருகில் அமர்ந்திருந்தால் போதும்.