திருவதிகைப் பக்கத்து ஆட்களுக்கு 'திருவருட்செல்வர்' ஏன் பிடிக்கிறது?

ஒரு படம் நல்ல படமா, சுமாரான படமா என்பதை விமர்சகர்கள் எழுதிவிடுவார்கள். அந்தப் படம் ஒருத்தருக்கு ஏன் பிடிக்கிறது என்பதை அவங்ககிட்டயே உட்கார்ந்து கேட்டாத்தான் தெரியும். கொஞ்ச நாளாக எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் இதைக் கேட்டுக் குறித்துவைத்துக்கொண்டு வருகிறேன். திருவதிகை, பண்ருட்டி, நெய்வேலி வட்டாரத்தில் அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் "உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச படம் எது?" என்றால், எம்.ஜி.ஆர். படம் ஒன்று, சிவாஜி படம் ஒன்று என்று வரும். அந்தச் சிவாஜி படம் பல பேருக்கு 'திருவருட்செல்வர்'. இத்தனைக்கும் ஏ.பி. நாகராஜனின் பக்திப் படங்களில் தமிழ்நாடே கொண்டாடியது 'திருவிளையாடல்'தான். 1965-இல் வந்து வெள்ளிவிழா கண்ட படம் அது. அப்படியிருக்க, இந்த ஊர்க்காரங்க ஏன் இதைச் சொல்றாங்க?

படத்தைப் பற்றி முதலில் சுருக்கமாக. 'திருவருட்செல்வர்' 1967 ஜூலையில் வெளியானது. இயக்கம் ஏ.பி. நாகராஜன், இசை கே.வி. மகாதேவன். சிவாஜிக்கு அதில் பல வேடங்கள்: மன்னர், சேக்கிழார், திருக்குறிப்புத் தொண்டர், சுந்தரர், அப்பர். பெரியபுராணத்தை எழுதியவரும் அதில் வரும் அடியார்களும் ஒரே நடிகர்! அந்த வருஷம் மார்ச்சில்தான் அண்ணா முதலமைச்சரானார். கணேசனுக்கு 'சிவாஜி' என்ற பட்டத்தைக் கொடுத்ததே பெரியார். பகுத்தறிவு பேசியவர்கள் கோட்டைக்குள் போன அதே வருஷம், பெரியார் பட்டம் கொடுத்த நடிகர் திருநீறு பூசிக்கொண்டு நாயன்மாராக நிற்கிறார். ஜனங்கள் ஓட்டை அங்கே போட்டார்கள், டிக்கெட்டை இங்கே எடுத்தார்கள். இரண்டும் அவர்களுக்கு முரணாகத் தெரியவில்லை.

இப்போது ஊருக்கு வருவோம். திருவதிகை கெடிலக் கரையில் இருக்கிற ஊர். பண்ருட்டியை ஒட்டியே இருக்கிறது. சிவன் முப்புரம் எரித்ததாகச் சொல்லப்படும் தலம், அட்டவீரட்டானங்களில் ஒன்று. அப்பர் பிறந்த திருவாமூரும் பண்ருட்டிப் பக்கம்தான். பிள்ளையில் அவருக்குப் பெயர் மருள்நீக்கியார். அப்பா அம்மா இறந்துபோக, அக்கா திலகவதியார் வளர்த்தார். பிறகு சமணத்தில் சேர்ந்து தருமசேனர் ஆனார். சூலை நோய் வந்து வயிறு துடித்தபோது, திருவதிகைக் கோயிலில் தொண்டு செய்துகொண்டிருந்த அக்காவைத் தேடி வந்தார். அக்கா திருநீறு கொடுத்தார், தம்பி முதல் பதிகத்தைப் பாடினார், நோய் தீர்ந்தது. அவரைக் கல்லில் கட்டிக் கடலில் போட, கல் மிதந்து கரை சேர்ந்த திருப்பாதிரிப்புலியூர் இன்றைய கடலூருக்குள் இருக்கிறது. மனம் மாறிய பல்லவ மன்னன் பாடலியில் இருந்த சமணப் பள்ளியை இடித்து, திருவதிகையில் குணபரவீச்சரம் எடுப்பித்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. ஆக, அப்பர் கதையில் பாதி எங்கள் பஸ் ரூட்டுக்குள் முடிந்துவிடும்.

முதல் காரணம் இதுதான்: தெரிந்த கதை. தெரிந்த கதையை எதுக்குய்யா திரும்பப் பார்க்கணும் என்று இப்போது கேட்கிறோம். 'ஸ்பாய்லர்' சொன்னால் சண்டைக்கே வருகிறோம். ஆனால் கூத்து பார்த்து வளர்ந்தவருக்குத் துரியோதனன் சாவான் என்று முன்னமே தெரியும். விடிய விடிய உட்கார்ந்திருப்பது அவன் எப்படிச் சாகிறான் என்று பார்க்க. பழைய கிரேக்க நாடகங்களும் இப்படித்தான். ஏதென்ஸ் ஜனங்களுக்கு ஈடிபஸ் கதை தெரியும், தெரிந்தேதான் போய் உட்கார்ந்தார்கள். கதை தெரிந்தால் "அப்புறம் என்ன?" என்ற பதைப்பு போய்விடும், கண் முழுக்க நடிப்பின்மேல் நிற்கும். நாகராஜன் டி.கே.எஸ். சகோதரர்கள் குழுவில் வளர்ந்த நாடகக்காரர். சிவாஜியும் பாய்ஸ் கம்பெனியில் தேறியவர். இந்தப் பழக்கம் இருவருக்கும் கைவந்தது.

இரண்டாவது காரணம் அந்த முதுமை. படம் என்றதும் எல்லோர் கண்ணிலும் நிற்பது முதிய அப்பர்தான். மரபுப்படி அப்பர் 81 வயது வாழ்ந்தவர். 1928-இல் விழுப்புரத்தில் பிறந்த சிவாஜிக்குப் படம் வந்தபோது 38 வயது. காஞ்சிப் பெரியவரைப் பார்த்துத்தான் அந்த வேடத்தை அமைத்துக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். கூன் விழுந்த முதுகு, குழைந்த குரல், கையில் உழவாரம். வசனத்தில் முழங்குகிறவர் என்று பேரெடுத்த நடிகர், இதில் உடம்பைச் சுருக்கிக்கொண்டே ஒரு மனுஷனைக் காட்டிவிடுகிறார்.

எங்க அப்பா நெய்வேலிச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை பார்த்தவர். பெரிய பக்திமான் என்று சொல்ல முடியாது. டி.வி.யில் இந்தப் படம் போட்டால் மட்டும் மற்ற வேலையை நிறுத்திவிடுவார். ஏன் பிடிக்குதுன்னு ஒருநாள் கேட்டேன். "அந்த வயசுலயும் கையில இருக்கிற சாமானைக் கீழ வைக்கலை பாரு" என்றார். அவர் சொன்ன சாமான் உழவாரம், கோயில் வெளியில் புல் செதுக்குகிற கருவி. தேவாரம், சைவம், அற்புதம் எதையும் அவர் சொல்லவில்லை. நிலக்கரிக்காக மண்ணைத் தோண்டியே நாற்பது வருஷம் ஓட்டியவருக்கு, மண்ணைச் செதுக்குகிற ஒரு நாயன்மார் சக தொழிலாளியாகத் தெரிந்திருக்கிறார். ஒரு படத்தை எழுதியவர்கள் நினைத்தே பார்க்காத வாசல் வழியாகவும் ஜனங்கள் அதற்குள் நுழைவார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

சுந்தரர் கதையும் இதோடு ஒட்டுகிறது. அப்பர் உழவாரம் செய்த மண்ணைக் காலால் மிதிக்கக் கூடாதென்று சுந்தரர் திருவதிகைக்குள் போகாமல் பக்கத்துச் சித்தவட மடத்திலேயே தங்கினார் என்பது புராணம். படத்தில் அப்பரும் சுந்தரரும் ஒரே சிவாஜி. உள்ளூர்க்காரங்க இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க.

மூன்றாவது காரணம் காது. இந்தப் படங்களைப் பார்த்ததைவிடக் கேட்டவர்கள் அதிகம். ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் ஒலிச்சித்திரம், திருவிழாவில் குழாய் ஒலிபெருக்கியில் கதைவசனத் தட்டு என்று வசனம் முழுக்க மனப்பாடமானது. பத்மினி ஆடும் கல்யாணி ராகப் பாட்டையும், பாம்பை அழைக்கும் புன்னாகவராளிப் பாட்டையும் ராகம் பேர் தெரியாமலே முணுமுணுப்பார்கள். திங்களூர் அப்பூதியடிகளின் மகனைப் பாம்பு தீண்டியபோது அப்பர் பதிகம் பாடினார் என்பது புராணம். பாம்பையே கூப்பிட்டுப் பாடுவது சினிமா. கேட்டவர்களுக்கு இரண்டும் கலந்து ஒன்றாகிவிட்டது.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு உறுத்தல். பிடித்த படம் நினைவைக் காப்பாற்றும், கூடவே கொஞ்சத்தை மறைக்கவும் செய்யும். இன்று யாரிடமாவது அப்பரை வரையச் சொல்லுங்கள், சிவாஜியைத்தான் வரைவார்கள். ஆனால் திருவதிகைக் கதையின் அப்பர் கிழவர் இல்லை. வயிற்று வலியில் அக்காவைத் தேடி வந்த தம்பி. அந்தக் கதையில் பெரிய ஆள் அக்காதான். நிச்சயம் செய்த கலிப்பகையார் போரில் இறந்துபோக, தானும் சாகத் துணிந்த பெண், தம்பிக்காக உயிரை வைத்துக்கொண்டு, கோயிலைப் பெருக்கி மெழுகிப் பல வருஷம் காத்திருந்தார். 'திருவருட்செல்வர்' என்றதும் திலகவதியார் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. கே.பி. சுந்தராம்பாள் நடித்த 'ஔவையார்' 1953-லேயே வந்துவிட்டது, ஒரு கிழவியை நடுவில் வைத்து ஓடிய படம். திலகவதியாருக்கு அந்த மாதிரி ஒரு படம் அமையவில்லை.

ஆனாலும் அவரை மறக்காத இடம் ஒன்று இருக்கிறது. வீரட்டானேசுவரர் கோயிலில் அப்பருக்கும் சந்நிதி உண்டு, திலகவதியாருக்கும் உண்டு. நான் பேசிய பெண்களில் சிலர், படத்தில் பிடித்தது அப்பர் என்றார்கள். கோயிலில் எங்கே அதிக நேரம் நிற்பீங்கன்னு கேட்டால் அக்கா சந்நிதியைக் கைகாட்டினார்கள். தம்பியைப் படிக்கவைக்கத் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட ஒரு அம்மா, "அவங்களுக்குத்தான் நம்ம கஷ்டம் தெரியும்" என்றார். படம் விட்டதை ஊர் இப்படி ஈடு செய்துகொள்கிறது.

அதனால் எனக்குத் தோன்றுவது இது. ஒரு படம் பிடிப்பதற்கான காரணத்தில் பாதி படத்தில் இருக்கிறது, மீதியைப் பார்க்கிறவர் வீட்டிலிருந்து கொண்டுவருகிறார். ஒருவர் கையில் சுரங்கத் தழும்பு, இன்னொருவருக்குத் தம்பி. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். "எந்தப் படம்?" என்பதோடு விட்டுவிடாமல், "அதுல எந்த இடம்?" என்றும் கேளுங்கள். சித்திரைச் சதயம் அப்பர் குருபூஜை. அன்றைக்குத் திருவதிகைப் பக்கம் வந்தால் அக்கா சந்நிதியிலும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போங்கள்.