நாலடி பலகையில ஒரு ஸ்டேஷன்!

உங்க வீட்டுப் பரண்ல என்ன இருக்கு பாஸ்? ஓடாத டேபிள் ஃபேன், அக்காவோட பழைய ரெக்கார்டு நோட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை இறங்குற கொலுப்படி... இதுக்கெல்லாம் பின்னாடி, அஞ்சாங்கிளாஸ்ல நீங்க உயிரா நினைச்ச ஏதோ ஒண்ணு கண்டிப்பா தூங்கிட்டு இருக்கும். எனக்கு அது ஒரு ரயில் பெட்டி. அதாவது, ரயில் இருக்கிற அட்டைப்பெட்டி!

சிங்கப்பூர் மாமா வாங்கிட்டு வந்தது. ஒரு டீசல் இன்ஜின், மூணு வேகன், முட்டை வடிவத்துல தண்டவாளம், திருகினா ஸ்பீடு ஏறுற ஒரு கன்ட்ரோலர். எங்க வீட்டுக் கொலுவுல 'பார்க்' என் டிபார்ட்மென்ட். கடுகு முளைக்கவச்சு புல்வெளி, பாட்டியோட கைக்கண்ணாடியில குளம், கலர் மரத்தூள்ல ரோடு. கோபுரத்தைச் சுத்தி ரயில் ஓடும். சுண்டல் வாங்க வந்த மாமிகள்லாம் பொம்மையை விட்டுட்டு ரயிலைப் பார்ப்பாங்க. பாட்டிக்கு அதுல கொஞ்சம் கோபம், நிறைய பெருமை!

அப்புறம் என்ன... பத்தாம் கிளாஸ் வந்துச்சு. பெட்டி பரணுக்குப் போச்சு. நான் இன்ஜினீயரிங் வந்தேன். பாட்டி போய்ச் சேர்ந்தாங்க. மூணு வருஷமா எங்க வீட்ல கொலுவே இல்லை. திருநெல்வேலிப் பக்கம் தனியா இருந்த தாத்தாவை அப்பா சென்னைக்குக் கூட்டிட்டு வந்துட்டார். மனுஷன் காலையில பேப்பர், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் பால்கனி. கேட்டா பதில் சொல்வார். தானா ஒரு வார்த்தை வராது.

போன செமஸ்டர் லீவுல பரணைச் சுத்தம் பண்ணும்போதுதான் பெட்டி கையில கிடைச்சது. ஆசையா பிளக் மாட்டித் திருகினா, 'ம்ம்ம்'னு ஒரு முனகல். அவ்வளவுதான்.

இந்த இடத்துல ஒரு டிப்ஸ். உங்க பழைய இன்ஜின் ஓடலைன்னா உடனே செத்துப்போச்சுன்னு முடிவு கட்டாதீங்க. வருஷக்கணக்கா சும்மா கிடந்தா பல்சக்கரத்துல போட்ட கிரீஸ் மெழுகு மாதிரி இறுகிடும். சக்கரத்துல கறுப்பா ஒரு படலம் ஒட்டிக்கும். தண்டவாளத்துல இருந்து கரன்ட்டை வாங்குறதே சக்கரம்தான்! ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் காது குடையற பஞ்சுக் குச்சியும் எடுத்தேன். ஒரு மணி நேரம் துடைச்சேன். பழைய கிரீஸைச் சுரண்டிட்டு, துளியூண்டு எண்ணெய் விட்டேன். தண்டவாளத்துக்கு வெறும் பென்சில் ரப்பர்தான். மறுபடி திருகினேன்... கிளம்பிடுச்சு பாஸ்! பால்கனியில இருந்த தாத்தா அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தார்.

சரி, பழையபடி வட்டமா சுத்தவிடலாமா? பண்ணலாம். ஆனா அஞ்சு நிமிஷத்துல போரடிச்சிடும். அதுவும் இல்லாம, இருபது வயசுப் பையன் ஹால் நடுவுல தரையில படுத்து ரயில் விட்டா, அம்மா துடைப்பத்தோட வருவாங்க. நிரந்தரமா ஒரு பலகையில லேஅவுட் போடணும். எங்கே போடறது? அதுதான் மேட்டரே.

என்கிட்ட இருக்கிறது ஹெச்ஓ சைஸ். நிஜ ரயிலை 87-ல ஒரு பங்கா சுருக்கினது. அதோட வளைவு 18 இன்ச் ஆரம். ஒரு முழு வட்டத்துக்கே மூணடிக்கு மேல அகலம் வேணும். எங்களுது வாடகை வீடு, ரெண்டு பெட்ரூம். மூணு நாள் இன்ச் டேப்போட சுத்தினதுல எனக்கு அலாட் ஆனது பால்கனி பக்கத்துல இருக்கிற செருப்பு அலமாரியோட தலை. 4 அடி நீளம், ஒண்ணேகால் அடி அகலம். அதுக்கு மேல அரை இன்ச் கூடக் கிடையாதுன்னு அம்மா ஆர்டர்!

ஜெர்மனியில ஹாம்பர்க் நகரத்துல 2001-ல 'மினியேச்சர் வண்டர்லேண்ட்'னு ஒண்ணு திறந்தாங்க. பிரவுன்ங்கிற இரட்டைச் சகோதரர்கள் ஆரம்பிச்சது. மலை, ஊர், ஏர்போர்ட்னு ஒரு குட்டி உலகமே அங்கே இருக்கு. நம்ம புனேயிலயும் 1998-ல இருந்து ஜோஷியோட மினியேச்சர் ரயில் மியூசியம் இருக்கு. அதையெல்லாம் பார்த்துட்டு நம்ம செருப்பு அலமாரியைப் பார்த்தா அழுகை வரும். அதனால பார்க்காதீங்க. நமக்கு வேற ரூட் இருக்கு.

அந்த ரூட் பேரு இங்கிள்நூக். பிரிட்டன்ல ஆலன் ரைட்னு ஒருத்தர் போட்ட குட்டி லேஅவுட். வட்டமே கிடையாது. ரெண்டே பாயின்ட், மூணு லைன். ஒரு லைன்ல அஞ்சு வேகன் நிக்கும். மத்த ரெண்டுல மும்மூணு. இன்ஜின் முன்னும் பின்னும் போக ஒரு நீட்டு லைன், அதுல இன்ஜினோட மூணு வேகன் பிடிக்கணும். மொத்தம் எட்டு வேகன். சீட்டுக் குலுக்கி அஞ்சு வேகனை எடுத்து, சீட்டுல வந்த அதே வரிசையில வண்டியைக் கோக்கணும். கேக்க சப்பையா இருக்கா? பெர்முடேஷன் ஞாபகம் இருக்கிறவங்க போட்டுப் பாருங்க. எட்டுல அஞ்சை வரிசையா அடுக்க 6,720 வழி! தினமும் ஒண்ணு ஆடினாலும் பதினெட்டு வருஷத்துக்கு ரிப்பீட்டே ஆகாது. என்கிட்ட இப்போதைக்கு மூணு வேகன்தான். மீதி அஞ்சையும் நானே செஞ்சுக்கணும்.

ராத்திரியோட ராத்திரியா லேப் ரெக்கார்டு பின்பக்கத்துல பிளான் போட்டேன். ஒரு வேகன் 10 செ.மீ., இன்ஜின் 15. நீட்டு லைன் 45, ரெண்டு பாயின்ட் 44, மூணு வேகன் லைன் 30. கூட்டினா 119. பலகை 122. மூணு செ.மீ. மிச்சம்! நானே என் முதுகைத் தட்டிக்கிட்டேன்.

மறுநாள் காலையில பேப்பரோட தாத்தா பக்கத்துல வந்து உக்காந்தார். தண்டவாளத்துல ஒரு துண்டை எடுத்து விரல்ல அளந்தார்.

"இது என்ன கேஜுலே?"

தாத்தா ரயில்வேல பாயின்ட்ஸ்மேன். திருநெல்வேலி - செங்கோட்டை லைன்ல ஒரு சின்ன ஸ்டேஷன்ல வேலை பார்த்து 2002-ல ரிட்டயர் ஆனவர். அப்போ அது மீட்டர் கேஜ். நான் கணக்குச் சொன்னேன். "16.5 மில்லிமீட்டர் தாத்தா, 87 மடங்குன்னா 1435."

"அப்போ இது பிராட் கேஜும் இல்ல, மீட்டர் கேஜும் இல்ல. இதுல நம்ம வண்டி எப்படிலே ஓடும்?"

நச்சுன்னு ஒரு கேள்வி! நம்ம பிராட் கேஜ் 1676 மி.மீ. அதை ஹெச்ஓ-ல சுருக்கினா 19.3 மி.மீ. வரணும். 1435-ங்கிறது நம்ம ஊர்ல மெட்ரோ ரயில் ஓடுற அளவு. கடையில விக்கிற 'இந்தியன் ரயில்வே' மாடல் பல, கலரும் பேரும் மட்டும் நம்மளுதா வச்சுக்கிட்டு அந்த 16.5-லதான் ஓடுது. மீட்டர் கேஜ் வேணும்னா? தண்டவாளத்தை மாத்த என்கிட்ட காசு இல்லை. அப்போதான் பல்பு எரிஞ்சுது. தண்டவாளத்தை மாத்தாம, மத்ததையெல்லாம் மாத்தினா? 16.5-ஐ 60-ஆல பெருக்குங்க. 990. மீட்டர் கேஜுக்குப் பத்தே மில்லிமீட்டர் கம்மி! ஸ்டேஷன், ஆளு, சிக்னல், வேகன் எல்லாத்தையும் 60-ல ஒரு பங்குல செஞ்சுட்டா, சிங்கப்பூர் தண்டவாளம் தென்காசி லைன் ஆயிடும். இன்ஜினோட பிளாஸ்டிக் உடம்பைக் கழட்டிட்டு, புராஜெக்ட் மாடலுக்கு வாங்குவோமே சன்போர்டு, அதுல புது உடம்பு வெட்டிக்கலாம்.

உங்கள்ல எத்தனை பேர் மீட்டர் கேஜ் பார்த்திருப்பீங்க? சென்னை பீச் - தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004-ல நின்னுபோச்சு. அப்போ நான் பொறக்கவே இல்லை. 1904-ல போட்ட செங்கோட்டை மலைப்பாதையில 2010-ல வண்டியை நிறுத்தினாங்க, 2018-ல பிராட் கேஜா திறந்தாங்க. இன்னைக்குத் தமிழ்நாட்டுல மிச்சம் இருக்கிறது மேட்டுப்பாளையம் - ஊட்டி மலை ரயில் ஒண்ணுதான். அந்த 46 கிலோமீட்டருக்கு 2005-ல யுனெஸ்கோ அந்தஸ்து கிடைச்சதால தப்பிச்சுது. தாத்தாவோட ஸ்டேஷன் யுனெஸ்கோ லிஸ்ட்ல எல்லாம் இல்லை. அதோட பழைய லைன் எப்படி இருந்ததுங்கிறது அவர் தலைக்குள்ள மட்டும்தான் இருக்கு. அவருக்கு வயசு 84. ஒரு கண்ணுல காட்ராக்ட்.

அதனால இங்கிள்நூக்கை அப்படியே அவர் ஸ்டேஷன் மேல உக்காரவச்சேன். அஞ்சு வேகன் லைன் அங்கே கூட்ஸ் லைன், மூணு வேகன் லைன்ல ஒண்ணு குடோன் பக்கம் போறது. தாத்தா மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுட்டு என் பிளானைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஃபௌலிங் மார்க் எங்கலே?"

நான் முழிச்சேன். ரெண்டு லைன் பிரியற இடத்துல, பாயின்ட் முடிஞ்ச உடனே வேகனை நிறுத்த முடியாது பாஸ். அங்கே ரெண்டு தண்டவாளமும் இன்னும் கிட்டக்கதான் இருக்கும். பக்கத்து லைன்ல வர்ற வண்டி நிக்கிற வேகனை உரசிடும். எந்த இடம் தாண்டினா உரசாதோ, அங்கே ஒரு அடையாளக்கல் இருக்கும். அதுதான் ஃபௌலிங் மார்க். வேகன் அதுக்கு உள்ளே நிக்குதான்னு போய்ப் பார்க்கிறதுதான் தாத்தாவோட முப்பது வருஷ வேலை. நானோ பாயின்ட் முடிஞ்ச மில்லிமீட்டர்ல இருந்து வேகனை நிறுத்திட்டேன். அதுலயும் 60-ல ஒண்ணுன்னு உடம்பைக் குண்டாக்கிட்டதால இடைவெளி இன்னும் கூடுதலா வேணும். அட்டையில வேகன் வெட்டி, தள்ளிப் பார்த்து அளந்தா, 9 செ.மீ. போகுது. 119-ம் 9-ம் 128. பலகை 122. அவுட்!

அதான் சொல்றேன், பலகை வாங்குறதுக்கு முன்னாடி அட்டையில வெட்டி வச்சுத் தள்ளிப் பாருங்க. பேப்பர்ல எல்லா வண்டியும் ஓடும்.

அம்மாகிட்ட பேச்சுவார்த்தை நடத்தினதுல, கீல் போட்டு மடக்குற மாதிரி அரை அடிப் பலகை ஒண்ணுக்கு அனுமதி கிடைச்சது. ஆடும்போது விரிச்சுக்கலாம், செருப்பு எடுக்கும்போது மடக்கிக்கலாம். பலகை, ப்ளைவுட் கடையில வாங்கின கட்பீஸ். தண்டவாளத்துக்கு நடுவுல போட ஜல்லி, கட்டட வேலை நடக்கிற இடத்துல கேட்டு வாங்கின எம்-சாண்டைச் சலிச்சது. மண்தரைக்கு, குடிச்ச டீத்தூளைக் காயவச்சுக்கிட்டேன். ஃபெவிகாலைத் தண்ணியில கரைச்சு, ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட் சேர்த்து, இங்க் ஃபில்லரால விட்டா மண் அப்படியே இறுகிடும். டீ வடிகட்டி காணோம்னு அம்மா தேடினப்போ நான் காலேஜுக்குக் கிளம்பிட்டேன்.

"இதெல்லாம் ரெஸ்யூம்ல போட முடியுமா?"ன்னு அப்பா கேட்டார். எல்லா அப்பாவும் கேப்பாங்க. அதுக்கு ஒரு பதில் ரெடியா வச்சுக்கோங்க. அமெரிக்காவுல எம்ஐடி-யில 1946-ல மாணவர்கள் ஒரு மாடல் ரயில் கிளப் ஆரம்பிச்சாங்க. பலகைக்கு அடியில ரிலே, ஸ்விட்ச்சுன்னு ஒயரிங் பண்ணிட்டு இருந்த அந்தப் பசங்கதான் அடுத்து கம்ப்யூட்டர் மேல பாய்ஞ்சாங்க. 'ஹேக்'ங்கிற வார்த்தையைப் பரப்பினதே அந்த கோஷ்டிதான். 'ஓ'ன்னு சொல்லிட்டு அப்பா டிவி பக்கம் போயிட்டார். அரியர் ஒண்ணு பாக்கி இருக்கிறதை அவர் மறக்கலைன்னு அந்த 'ஓ'-லயே தெரிஞ்சுது.

ஒயரிங்ல நான் பெருசா அலட்டிக்கலை. ஒரே ஒரு இன்ஜினுக்கு டிஜிட்டல் கன்ட்ரோல் எல்லாம் வீண் செலவு. 12 வோல்ட் டிசி, ஒரு அர்டுயினோ, ஒரு மோட்டார் டிரைவர் போதும். கை சிக்னல் ஐஸ் குச்சியில செஞ்சேன். கை படுக்கையா இருந்தா நில், கீழே சாய்ஞ்சா போ. அதை இழுக்க ஒரு குட்டி சர்வோ.

ஆனா தாத்தா வேற ஒண்ணு சொல்லிக்கொடுத்தார். ஒத்தை லைன்ல ரெண்டு வண்டி எதிரெதிரே வந்துடாம எப்படித் தடுத்தாங்க தெரியுமா? ரெண்டு ஸ்டேஷன்லயும் ஒவ்வொரு மெஷின். உள்ளே கிரிக்கெட் பந்து மாதிரி இரும்பு உருண்டைகள். பக்கத்து ஸ்டேஷன் 'லைன் கிளியர்' கொடுத்தாதான் இங்கே ஒரு உருண்டை வெளியே வரும். அது வெளியே இருக்கிற வரைக்கும் ரெண்டு மெஷின்ல இருந்தும் இன்னொண்ணு வராது. அந்த உருண்டையைப் பையில போட்டு, பெரிய வளையத்துல கட்டி, ஓடுற இன்ஜின்ல நிக்கிற டிரைவர் கைக்குக் கொடுக்கணும். மழை ராத்திரியில, ஒரு கையில விளக்கோட... சொல்லும்போது தாத்தாவோட கை தானா மேலே போச்சு. முழங்கையில ஒரு தழும்பு காட்டினார். இருபது வருஷமா அந்தத் தழும்பைப் பார்க்கிறேன், ஒருநாளும் கேட்டதில்லை.

அதை அப்படியே சர்க்யூட் ஆக்கிட்டேன். தாத்தா கட்டில் பக்கத்துல ஒரு காலிங் பெல், ஒரு ஸ்விட்ச். அதுதான் 'அடுத்த ஸ்டேஷன்'. நான் இங்கே பெல் அடிக்கணும். அவர் ஸ்விட்சைப் போட்டாதான் என் தண்டவாளத்துல கரன்ட் வரும். நான் என்ன திருகினாலும் அதுவரைக்கும் இன்ஜின் நகராது!

இன்னும் நிறைய பாக்கி இருக்கு. புது வேகன்ல ரெண்டுதான் முடிஞ்சிருக்கு. ஸ்டேஷனுக்குக் கூரை இல்லை. தாத்தா சொன்ன வேப்பமரம் எந்தப் பக்கம்னு அவருக்கே ரெண்டு நாளா சந்தேகம். நவராத்திரிக்குள்ள முடிச்சிடணும். இந்த வருஷம் கொலு வைக்கலாம்னு அம்மாவே சொல்லிட்டாங்க.

போன ஞாயித்துக்கிழமை முதல் ட்ரையல். அஞ்சு வேகனையும் கோத்து, ரெண்டை குடோன் லைன்ல தள்ளிட்டு, ஸ்டைலா பெல் அடிச்சேன். பதில் இல்லை. மறுபடி அடிச்சேன். தூங்கிட்டாரோன்னு எட்டிப் பார்த்தா, கட்டில்ல நேரா உக்காந்து கதவு வழியா பலகையையே பார்த்துட்டு இருக்கார்.

"கடைசி வேகன் ஃபௌலிங் மார்க்கைத் தாண்டி நிக்கி. உள்ள தள்ளுலே. அப்புறம் தாரேன் லைன் கிளியர்!"